இரண்டாவது மூட்டையில் வேறு இலை

ராஜபாளையத்தில் நான் பேசிய முதல் வாக்கியமே தப்பாகப் போனது. காலையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "அண்ணே, பசியாறணும்" என்றேன். மலேசியாவில், எங்கள் பினாங்கில், பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு, அவ்வளவுதான். இலை போட வந்தவர் என் கசங்கிய சேலையையும் பெட்டியையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா சாப்பிடலம்மா?" என்று கேட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் இலையில் ஆறு இட்லி வந்துவிட்டது. ஆறையும் சாப்பிட்டேன். பினாங்கில் இட்லி என்ற பெயரில் நாங்கள் சாப்பிடுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் கடல் தாண்டி வந்தது ஒரு மூட்டை இலைக்காக. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் சீனப் பேராசிரியர் எந்த நாட்டிலிருந்து எந்தச் செடி வந்தாலும் விடமாட்டார். அதை அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, சாற்றைச் சின்னக் குப்பிகளில் அடைத்து அமெரிக்காவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். எய்ட்ஸ் கிருமியை வைத்துச் சோதிக்கும் வசதி அங்கேதான் இருந்தது. கிருமி ஏறிய உயிரணுக்கள் மேல் எங்கள் சாற்றை விடுவார்கள். உயிரணுக்கள் பிழைத்தால் சாற்றில் ஏதோ இருக்கிறது. செத்தால் ஒன்றுமில்லை. வருடக்கணக்காக எங்களுக்கு வந்ததெல்லாம் 'ஒன்றுமில்லை' என்ற பதில்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத் தொடக்கத்தில், ராஜபாளையத்து நாட்டு மருந்துக் கடை ஒன்றிலிருந்து வந்த புன்னை இலைத் தூளின் சாறு அங்கே போனது. உயிரணுக்கள் பிழைத்துக்கொண்டன என்று ஃபேக்ஸ் வந்தது. அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. பேராசிரியர் எல்லோருக்கும் தன் கையால் தேநீர் ஆற்றிக் கொடுத்தார். தூள் தீர்ந்துவிட்டதால் அதே கடையில் இன்னொரு மூட்டை வரவழைத்தோம். அதன் சாற்றில் ஒன்றுமே இல்லை. அதே கடை, அதே பெயர், அதே பச்சைத் தூள். எங்கள் நாட்டுச் சரவாக் காட்டில் இப்படி ஒரு மரம் அகப்பட்டு, மறுபடி இலை பறிக்கப் போனபோது அது வெட்டப்பட்டிருந்த கதை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். "நீ தமிழ் பேசுவாய். போய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வா" என்றார் பேராசிரியர்.

என் கையில் ஒரே ஒரு தடயம் இருந்தது. முதல் மூட்டைத் தூளுக்குள் இடிபடாமல் தப்பித்த காய் ஒன்று, சுண்டைக்காய் அளவில். அதைப் பஞ்சில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் பெயர் சுந்தரம். ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "கடிதாசி போட்ட மல்லிகாம்மாவா? இங்க பாருங்க" என்று சுவரைக் காட்டினார். சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், என் கையெழுத்து. முதல் ஃபேக்ஸ் வந்த அன்று சந்தோஷம் தாங்காமல் அவருக்கு நான் எழுதிய கடிதம். 'உங்கள் இலை அந்தக் கிருமியை நிறுத்திவிட்டது' என்ற வரிக்கு அடியில் அண்ணாச்சி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிப்பானேன், கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்று நானே ஒருமுறை படித்தேன்.

"ரெண்டு மூட்டையும் பேச்சியம்மாதான் கொண்டாந்தா. இருவது வருசமா எனக்கு மூலிகை பறிக்கிறவ. ஒரு இலை மாத்தித் தரமாட்டா" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஸ்டாண்டுக்கிட்ட உக்காந்திருப்பா. போய்ப் பாருங்க."

அன்று முழுக்க ஆடிக்காற்று. ராஜபாளையம் தெருக்களில் பஞ்சுத் துகள் பறந்தது. மில் சங்கு ஊதியதும் ஒரு தெரு முழுக்கச் சைக்கிள்கள் வந்து நிறைந்தன. பினாங்கில் எலக்ட்ரானிக் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்தால் மோட்டார் சைக்கிள்கள் இப்படித்தான் வரும். இங்கே சத்தம் இல்லாமல் வந்ததுதான் வித்தியாசம். நான் குடை விரித்தேன், காற்று அதை ஒரே மூச்சில் பூவாகத் திருப்பிவிட்டது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், ஊர் வந்ததும் பால்கோவா சாப்பிடாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் ஊரில் பால் என்றால் டின் பால். தேநீரில் அதை ஊற்றி இழுத்து ஆற்றிக் குடித்தே வளர்ந்தவள் நான். சூடு ஆறாத பால்கோவாவைத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே தின்று முடித்துவிட்டு இன்னொரு தடவை வாங்கினேன். கடைக்காரர், "ஊருக்கு வாங்கிட்டுப் போங்க, கெட்டுப் போகாது" என்றார். "ஊர் வரைக்கும் மிஞ்சாது" என்றேன்.

பேச்சியம்மாள் சாக்கை விரித்து, கீழாநெல்லிக் கட்டும் தூதுவளையும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மெலிந்த, வேகமான கைகள். நான் பினாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் அந்தக் கைகள் நின்றன.

"ரெண்டு மூட்டையும் ஒரே மரந்தான் தாயி" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"அந்த மரத்தைக் காட்டறீங்களா அக்கா?"

சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தாள். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போனாள். வேலி ஓரமாகப் பெரிய புன்னை ஒன்று நின்றது. கை அகல இலை, வெள்ளைப் பூ. எனக்குச் சிரிப்பு வந்தது. பினாங்கில் 'பத்து ஃபெரிங்கி' என்ற கடற்கரையில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில், இதே மரம் வரிசையாக நிற்கிறது. அதன் நிழலில்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுவோம்.

கீழே கிடந்த காயை எடுத்தேன். எலுமிச்சை அளவு இருந்தது. கைப்பையைத் திறந்து என் சின்னக் காயை அதன் பக்கத்தில் வைத்தேன். பேச்சியம்மாள் இரண்டையும் பார்த்தாள்.

"சூம்பிப்போன காய் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, "எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்துவிட்டாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. அவள் மறைக்கிறாள் என்றால் மறைப்பதற்கு ஒரு மரம் இருக்கிறது. வெட்டப்படவில்லை. எங்கோ இலையும் காயுமாக நிற்கிறது. ராஜபாளையம் திரும்பும் பேருந்தில் உட்கார இடம் இல்லை. ஒரு கூடைக் கோழிக்கும் ஒரு ஸ்டெப்னி டயருக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள், அண்ணாச்சியிடம் விவரம் கேட்டு அவளுடைய ஊரான தேவதானத்துக்குக் கிளம்பினேன். டவுன் பஸ் செட்டியார்பட்டி தாண்டியதும் டயர் பஞ்சராகி நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம் என்று அறிவித்தார். பாதிப் பேர் குடிக்கப் போனார்கள். மீதிப் பேர் பின்னால் வந்த டிராக்டரில் ஏறினார்கள், நானும் ஏறினேன். தென்னமட்டைக் குவியலின் மேல் ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து பயணம். மலேசியாவில் மாடு உண்டா, சீனர்கள் சோறு சாப்பிடுவார்களா, எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்குப் பதில் சொன்னேன்.

பேச்சியம்மாளின் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. அதற்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் மலை. முற்றத்தில் வெள்ளைப் பேண்டேஜ் துணி விரித்து இலை காயப்போட்டிருந்தார்கள். இரண்டு விரல் அகலச் சிற்றிலை. இடையிடையே சுண்டைக்காய் அளவில் காய்கள். நான் அப்படியே குத்தவைத்து ஒரு காயைக் கையில் எடுத்தேன். என்னிடம் இருந்ததும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். கைலி கட்டிய ஒரு மனிதர் அந்தப் பக்கம் உட்கார்ந்து இலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரருடைய முகம். தோளெலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"நீங்கதான அந்தக் கடிதாசி எழுதுனது?" என்றார். "உங்கள் இலை அந்தக் கிருமியை நிறுத்திவிட்டது." ஒரு சொல் பிசகாமல் சொன்னார். "அண்ணாச்சி கடையில அக்கா எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு வந்து சொன்னா. நான் பஸ் ஏறிப்போய் என் கண்ணால பாத்தேன்."

வாசலில் பேச்சியம்மாள் வந்து நின்றாள். "அது விக்கிறதுக்கு இல்ல தாயி" என்றாள். "எந் தம்பிக்கு."

தம்பியின் பெயர் செல்லத்துரை. பம்பாய் வரை லாரி ஓட்டியவர். விபத்தில் அடிபட்ட கூட்டாளிக்கு ரத்தம் கொடுக்க மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் ரத்தத்தில் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு டிபி என்று சொல்லி வைத்திருந்தார்கள். எய்ட்ஸுக்கு வைத்தியம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், மருந்துக் கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், என் கடிதம். அதுவும் பேச்சியம்மாள் தன் கையால் பறித்த இலை. மரத்தில் இலை குறைந்துவிடக் கூடாது என்று இரண்டாவது மூட்டைக்குத் தோப்புப் புன்னையை இடித்துக் கொடுத்துவிட்டு, இந்த மரத்தைத் தம்பிக்கு என்று வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

"ரெண்டு மாசமா. காலையில ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர்."

"வயிறு எப்படி இருக்கு?"

அவர் அக்காவைப் பார்த்தார். "வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது. கிருமி வெளிய போகுதுன்னு அக்கா சொல்லுதா."

அந்த ஃபேக்ஸில் இரண்டாவது வரி ஒன்று இருந்தது. சாற்றின் அளவைக் கூட்டினால் உயிரணுக்களே செத்துப்போகின்றன என்பது அந்த வரி. எங்கள் வேலையில் அது வழக்கம், அதற்காக யாரும் கவலைப்படுவதில்லை. சாற்றில் ஆயிரம் சரக்கு கலந்திருக்கும், காப்பாற்றுவது ஒன்று, கொல்லுவது இன்னொன்றாக இருக்கலாம், பிரித்துப் பார்க்க வேண்டும். கடிதத்தில் அந்த வரியை நான் எழுதவில்லை. மறைக்க நினைத்து விட்டதல்ல. எழுதத் தோன்றவே இல்லை.

இதை அப்படியே அவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு சாறு செய்த வேலையும், ஒரு மனிதன் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் கஷாயம் செய்யும் வேலையும் வேறு வேறு என்றேன். இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றேன்.

"அப்பொறம் எதுக்கு அப்படி எழுதுனீய?" என்றாள் பேச்சியம்மாள். குரலை உயர்த்தவில்லை.

"சந்தோஷத்துல எழுதிட்டேன்க்கா. அது என் தப்பு."

அவள் உள்ளே போய்விட்டாள். செல்லத்துரை இலையைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"மருந்தா வர எம்புட்டு நாளாகும் மேடம்?"

"பத்து வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

"அப்ப எனக்கு இல்ல."

சொல்வதற்கு ஆறுதலான பொய்கள் நிறைய இருந்தன. "இல்லை" என்றேன்.

முன்னால் பாலம் உடைந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் டிரைவர் மாதிரி அவர் தலையசைத்தார். பிறகு, "மரம் ஓடைக்கு மேல இருக்கு. நாளைக்குக் காலையில அக்கா கூட்டிட்டுப் போவா. வெயிலுக்கு முன்னாடி பறிச்சிரணும்" என்றார்.

உள்ளேயிருந்து பேச்சியம்மாள் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரும்பச்சையான கஷாயம். கொல்லையில் கொட்டிவிட்டுப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அரிசிக் கஞ்சி வடித்துத் தம்பிக்கு உப்புப் போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சோறும் மொச்சைக் குழம்பும். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் செல்லத்துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதை அவள் கவனித்ததை நானும் கவனித்தேன். குழம்பு நாக்கைச் சுட்டது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன், அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

அன்றிரவு அங்கேயே படுத்து, நான்காம் நாள் விடிந்தும் விடியாமலும் பேச்சியம்மாளோடு நடந்தேன். மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் ஓடை. மலையில் சாரல் விழுந்து பாறையெல்லாம் வழுக்கியது. பினாங்குக் குன்றில் ரயில் ஏறிப் பழகியவளுக்கு இது புதிது. இரண்டு தடவை விழுந்தேன். "கால்விரலை ஊன்றி நடங்க தாயி, குதிகாலை நம்பாதிய" என்று முன்னால் போனபடியே சொன்னாள்.

ஓடை திரும்புகிற இடத்தில் நின்றாள். "இதான்."

தண்ணீர் மேல் சாய்ந்து நின்றது மரம். பெரிய மரம் இல்லை. ஒரு வீட்டுக் கூரையை விடக் கொஞ்சம் உயரம். சின்னச் சின்ன இலைகள் நனைந்து மின்னின. இதைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வந்தேன், பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கிட்டே போய்ப் பட்டையில் கையை வைத்தேன். பேச்சியம்மாள் அரிவாள் நுனியால் லேசாகக் கீறிக் காட்டினாள். மஞ்சள் பால் கசிந்தது. இத்தனை வருடம் குப்பியிலும் தூளிலும் பார்த்த வேலை, இதோ, என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தாயி, அழுவுதியளா?"

"இல்லக்கா. சிரிக்கிறேன்." இரண்டும்தான்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் கீழே நின்று பிடித்தேன். இது எந்த வகைப் புன்னை என்று தாவரவியல்காரர்கள் கண்டுபிடிப்பதற்காக, பூவோடு ஒரு கொப்பு, காயோடு ஒரு கொப்பு, தினத்தாளுக்குள் வைத்து அழுத்திக் கட்டினேன். இந்த முறை தூளே வேண்டாம், முழு இலையாகவே எடுத்துப்போவது என்று முடிவு. ஒரு கிளையிலும் மொட்டையாகப் பறிக்கவில்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று பறித்தாள். சூரியன் மலைக்கு மேல் வந்தபோது இரண்டு சாக்கு நிறைந்திருந்தது.

வீட்டில் செல்லத்துரை காத்திருந்தார். சாக்கைப் பார்த்ததும், "இதுல கட்டினா மெட்ராஸ் போறதுக்குள்ள அவிஞ்சிரும்" என்றார். பேண்டேஜ் துணியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டச் சொன்னார். இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்வதே அந்தத் துணிதான், வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. காற்று உள்ளே போய் வரும். பொட்டலங்களுக்கு நடுவே காய்ந்த வைக்கோல். "வெத்தலை லோடு இப்படித்தான் நாக்பூர் வரைக்கும் கொண்டு போவேன். ஒரு இலை கருகாது." கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போது மூச்சு வாங்கியது. நான் கை கொடுக்கப் போனேன். "விடுங்க மேடம். லோடு கட்டுறதுல மட்டும் யாரையும் விடமாட்டேன்" என்றார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வயிறு சும்மா இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

ஐந்தாம் நாள் அண்ணாச்சி கடை. நடந்ததைச் சொன்னேன், செல்லத்துரையின் பெயரைச் சொல்லாமல். கடிதத்தைக் கழற்றச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை. ஆனால் நான் முடிப்பதற்குள் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார்.

"நாலஞ்சு பேர் வந்து கேட்டாங்கம்மா, அந்த இலை இருக்கான்னு. இருப்பு இல்லன்னுட்டேன். இருந்திருந்தா குடுத்திருப்பேன்" என்றார். சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். ஆணி மட்டும் சுவரில் நின்றது. "மாட்டுறதுக்கு உண்டானது என்னைக்கு வருதோ, அன்னைக்கு எழுதுங்க. மாட்டுதேன்."

மதுரை போகும் பேருந்தில் கண்டக்டருக்கும் எனக்கும் என் மூட்டைகளைப் பற்றி நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. கூரைக்கு மேல் போட வேண்டும் என்றார் அவர். மாட்டேன் என்றேன் நான். கடைசியில் ஒரு மூட்டை என் மடியில், ஒரு மூட்டை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் காலடியில். அவர் விழித்துப் பார்த்துவிட்டு, காலை அதன் மேல் போடாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு மறுபடி தூங்கினார்.

பினாங்கில் பொட்டலங்களைப் பிரித்தபோது ஓர் இலைகூடக் கருகவில்லை. பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். சாறு இறக்கினோம். இந்த முறை முழுச் சாற்றை அனுப்பியதோடு நிற்காமல், கண்ணாடிக் குழாயில் மணல் போன்ற வெள்ளைத் தூளை நிரப்பி, அதன் வழியே சாற்றை இறக்கி, சரக்கு சரக்காகப் பிரித்து, தனித்தனிக் குப்பியில் அனுப்பினோம். காத்திருந்த வாரங்களில் ஃபேக்ஸ் மெஷின் இருந்த அறைக்கு நான் எத்தனை தடவை போனேன் என்பதை அங்குள்ள குமாஸ்தா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

புரட்டாசியில் ஃபேக்ஸ் வந்தது. முழுச் சாறு கிருமியைத் தடுத்தது, அளவு கூடினால் உயிரணுக்களைக் கொன்றது, முன்பு போலவே. ஆனால் பிரித்தவற்றில் நான்காவது குப்பி தடுத்தது. அதே அளவில் உயிரணுக்களை ஒன்றும் செய்யவில்லை. காப்பாற்றுவதும் கொல்லுவதும் வேறு வேறு சரக்கு. பேராசிரியர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இது மருந்து இல்லை. இதை மறக்காதே" என்றார். சொல்லும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். நான் மறக்கவில்லை. ஆனாலும் நடைவழியின் கடைசி வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டு, பேச்சியம்மாளை மறுநாள் அங்கே வரச் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாள். நான்காவது குப்பியைப் பற்றி மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப மருந்து ஆயிருச்சா தாயி?"

"இல்லக்கா. இன்னும் எலிக்குக் கொடுத்துப் பாக்கணும். பொறவும் நிறைய இருக்கு. யாரும் குடிக்கக் கூடாது."

"தெரியும். தம்பி கஞ்சியை விட்டுட்டு இப்பச் சோறு சாப்பிடுதான். மாச மாசம் மதுரைக்குப் போய்க் காட்டுதோம். பக்கத்துலதான் நிக்கான். ஏலே, இந்தா பேசு."

போன் கை மாறியது. தூரத்தில் லாரி ஹாரன் ஒன்று கேட்டது.

"மேடம், இன்னும் எம்புட்டு இலை வேணும்?"

"நாலு மூட்டையாவது வேணும்."

"ஐப்பசி மழை விழுந்துட்டா ஓடையில தண்ணி வந்துரும், அக்கா ஏற முடியாது. இந்த வாரத்துக்குள்ள பறிச்சிருதோம்" என்றார் செல்லத்துரை. "லோடு நான் கட்டுதேன்."